சம்பளம் கூட்டிக் கேட்கக் கூச்சம், மாத வட்டிக்குப் போட மட்டும் கூச்சமில்லை

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகக் கிடக்கிறது. வீட்டுக்குள் பணத்தைப் பற்றிப் பேசும் விதம் மட்டும் எங்கும் ஒன்றுதான். "இருக்கறத வச்சிக்கினு ஓட்டிக்கலாம்" என்றால் நல்ல மனுஷன். "மாசம் இன்னொரு அஞ்சாயிரம் வந்தா தேவல" என்றால், "இன்னாப்பா, திடீர்னு பெரிய ஆசையெல்லாம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை.

வாயைத் திறக்காததால் ஆசை போய்விடுகிறதா என்றால் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருஷமாக வேலை பார்த்தும் சூப்பர்வைசரிடம் இரண்டாயிரம் கூட்டிக் கேட்கத் தயங்குபவர், லட்சத்துக்கு மாதம் இத்தனை ஆயிரம் என்று யாராவது சொன்னால் வீட்டு நகையை அடகு வைத்துப் போட்டுவிடுகிறார். காட்பாடியை மையமாக வைத்து நடந்த அப்படியொரு வசூல் 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்காக முடிந்தது. செய்யாறு, ஆரணிப் பக்கத்துத் தீபாவளிச் சீட்டுகளில் போன பணம் தனி. கேட்கக் கூசியவரும் போடத் துணிந்தவரும் பல வீடுகளில் ஒரே ஆள்தான் என்பது என் எண்ணம். சம்பளம் கேட்க ஒருவர் முகத்துக்கு எதிரே நிற்க வேண்டும். மாத வட்டிக்கு நிற்க வேண்டாம். தெருவே போடும்போது பழியும் பங்காகிவிடும். ஆசையை ஒளித்துவைத்தால் அது இப்படிப்பட்ட இடங்களைத் தேடித்தான் போகும்.

ஆகவே குற்ற உணர்ச்சியைப் போக்க உபதேசம் எதற்கு, ஒரு தாளும் பேனாவும் போதும். "இன்னும் பணம் வேண்டும்" என்பது எல்லையில்லாத வாக்கியம், அதைச் சொல்லும்போது மனசு உறுத்தத்தான் செய்யும். எவ்வளவு, எதற்கு என்று எழுதிப் பார்த்தால் உறுத்தல் பெரும்பாலும் கரைந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருக்கும் நான்கு பேர் குடும்பம் ஒன்றை வைத்துக்கொள்வோம். வாடகை 7,000. மளிகை, பால், காய், காஸ் 9,500. பள்ளிக் கட்டணத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 3,000. பஸ், பெட்ரோல், கரண்ட், போன் 3,000. மருந்து மாத்திரை 1,000. மொய், பண்டிகை 1,500. ஆக 25,000. வருமானம் 27,000 என்றால் "ரெண்டாயிரம் மிச்சம், இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று தோன்றும்.

இந்தத் தாளில் நான்கு வரி விடுபட்டிருக்கிறது. வேலை போனாலோ கை கால் உடைந்தாலோ நான்கு மாதம் தள்ளுவதற்கு ஒரு லட்சம், மூன்று வருஷத்தில் சேர்க்க மாதம் 2,800. முதுமைக்கு 2,500. காப்பீட்டுக்கு 700. பெண் பிள்ளைக்கு 1,000. மொத்தம் 7,000. அப்படியென்றால் இந்தக் குடும்பத்துக்கு வேண்டியது 32,000, பற்றாக்குறை மாதம் 5,000. இவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த ஆசையின் அளவு அவ்வளவுதான். அதில் பங்களாவும் இல்லை, காரும் இல்லை.

கணக்கு பிசகுவது இரண்டு இடத்தில். ஒன்று மொய். தை, ஆவணி மாதங்களில் ஒரே வாரத்தில் நாலு பத்திரிகை வரும், ஆனால் தாளில் அதற்குச் சுழியம் போட்டிருப்பார்கள். வீட்டில் விசேஷம் நடந்திருந்தால் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், எவ்வளவு என்பது அதிலேயே இருக்கிறது. இன்னொன்று, புது பைக்கையும் பெரிய டிவியையும் இந்த நான்கு வரியோடு சேர்த்து எழுதுவது. அவற்றுக்கு ஆசைப்படுவது தப்பில்லை, தனித்தாளில் எழுதுங்கள். கலந்துவிட்டால் எது பாதுகாப்பு, எது விருப்பம் என்று தெரியாமல் போய் மறுபடி உறுத்தல் ஆரம்பிக்கும்.

முதுமை வரியைத்தான் அதிகம் பேர் அடித்துவிடுகிறார்கள். "பி.எஃப். இருக்கே, பென்ஷன் வருமே" என்பார்கள். பி.எஃப். பென்ஷன் கணக்கு எளிது: பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பர் முதல் அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு பெரும்பாலோருக்கு 15,000. இருபது ஆண்டுக்கு மேல் சேவை இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றால் இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். முப்பது ஆண்டும் முழுக்க உச்சவரம்பிலேயே இருந்தவருக்குக்கூட 15,000 பெருக்கல் 32 வகுத்தல் 70, அதாவது 6,857 ரூபாய். நாற்பது வயதுக்காரருக்குப் பிள்ளைகள் செலவு போக இன்று 18,000 ஆகிறதென்றால், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அறுபதாவது வயதில் அதே வாழ்க்கைக்கு 57,000-க்கு மேல் வேண்டும். இடையில் இருக்கும் பள்ளத்தை யாராவது நிரப்பத்தான் வேண்டும். நீங்கள் நிரப்பாவிட்டால் உங்கள் பிள்ளை நிரப்ப வேண்டும். மாதம் 2,500-ஐ 7 சதவீதத்தில் இருபது வருஷம் போட்டால் சுமார் 13 லட்சம் ஆகும், முப்பது வருஷம் போட்டால் 30 லட்சத்தைத் தாண்டும்.

தோல், ஷூ கம்பெனிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் பி.எஃப்.-ஐ எடுத்துவிடுவார்கள். படிவம் 19 பி.எஃப். பணத்துக்கு, 10சி பென்ஷன் பணத்துக்கு. 10சி போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்த நாளோடு அதுவரைக்குமான சேவை அழிந்துவிடும். மாதாந்தரப் பென்ஷனுக்குக் குறைந்தது பத்து ஆண்டு சேவை வேண்டும். நாலு வருஷம், மூணு வருஷம், அஞ்சு வருஷம் என்று துண்டு துண்டாக எடுத்தவர் பன்னிரண்டு வருஷம் உழைத்தும் பென்ஷன் இல்லாமல் நிற்பார். யூ.ஏ.என். எண்ணை (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் தொடரும் ஒரே பி.எஃப். எண்) மாற்றாமல் வைத்துக்கொண்டு, பழைய கணக்கைப் புதுக் கணக்குக்கு ஆன்லைனில் மாற்றிக்கொள்வதே சரி. ஆதாரிலும் பி.எஃப்.-இலும் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். வெளியே வந்தபின் திருத்தச் சிலருக்குக் கம்பெனி ஒப்புதலுக்கு அலைய வேண்டியிருக்கலாம்.

இனி அந்த ஐயாயிரம் எங்கிருந்து வரும்?

தண்டல் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 10,000 என்று பேசி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "பதினஞ்சு பர்சன்ட்தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது, 8,500 முழுசாக உங்கள் கையில் ஒரு நாள்கூட இருப்பதில்லை. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வட்டி சுமார் 120 சதவீதம். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் தள்ளுவண்டி வைத்திருப்பவர் ஒரு சுற்றை மட்டும் சொந்தக் காசில் ஓட்ட முடிந்தால், நூறு நாளுக்கு 1,500, மாதத்துக்கு 450 ரூபாய் சம்பள உயர்வு கிடைத்த மாதிரி. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடனுக்கு மாற்றுவது நல்லது. மீட்கும் தேதியை மட்டும் காலண்டரில் எழுதி வையுங்கள்.

அடுத்தது சம்பளம். மூன்று வருஷத்துக்கு முன் 15,000 வாங்கியவர் இன்று 16,500 வாங்குகிறார் என்று வையுங்கள். அதே 6 சதவீத விலையேற்றத்தில் பழைய 15,000-க்கு இன்றைய சமம் 17,865. அவருக்குச் சம்பளம் 1,365 குறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தத் தொகையைக் கேட்பவர் உயர்வு கேட்கவில்லை, குறைந்ததைத் திருப்பிக் கேட்கிறார். அதற்கு மேல் கேட்பதுதான் உயர்வு, அதற்கு வேலையில் காரணம் காட்ட வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். கூச்சத்தை மறைக்கக் கஷ்டத்தைச் சொல்வார்கள்: "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் சார், வூட்டு வாடகை ஏத்திட்டாங்க." கஷ்டத்தைச் சொன்னால் கிடைப்பது அட்வான்ஸ். அட்வான்ஸ் கடன்தான், அது நிலுவையில் இருக்கும்வரை கூலியைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. ஆரணிப் பட்டுத்தறியிலும் குடியாத்தம் லுங்கித் தறியிலும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் நெசவாளியைக் கட்டிப்போட்டது இந்த வழியில்தான். வேலையைச் சொன்னால்தான் சம்பளம் உயரும். ஒரு தாளில் மூன்று வரி போதும்: கடைசியாகச் சம்பளம் ஏறிய தேதி, அதன்பின் கூடுதலாகக் கற்ற வேலை (ஸ்டிச்சிங்கோடு கட்டிங்கும் தெரியும், புதுப் பெண்களுக்குச் சொல்லித் தருகிறேன் என்பது போல), உங்கள் லைனில் ரிஜெக்‌ஷன் எவ்வளவு குறைந்தது. ஆர்டர் அனுப்பும் நெருக்கடியில் கேட்காதீர்கள், சரக்கு போன மறு வாரம் கேளுங்கள். தொகையைச் சொல்லுங்கள், "பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்" என்று விடாதீர்கள். சொன்னபின் பேச்சை நிறுத்துங்கள். கூச்சமுள்ளவர்கள் அந்த அமைதியைத் தாங்காமல் தாங்களே தொகையைக் குறைத்துவிடுவார்கள்.

ஒரு நியாயமான பயமும் உண்டு. மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) போய்விடும் என்று சிலர் உயர்வையே தள்ளிப்போடுகிறார்கள். தாண்டிய மாதத்திலேயே அது நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று அரையாண்டுக் காலம் இருக்கிறது, நடுவில் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை சந்தா பிடிப்பார்கள், பாதுகாப்பும் தொடரும். அதற்குள் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிட வேண்டும். அதன் பிரீமியத்தையும் சேர்த்தே உயர்வைக் கேளுங்கள். 21,500-க்கு ஒப்புக்கொண்டால் நஷ்டம்தான்.

வீட்டில் தையல் போடுபவர்களுக்கு முதலாளி இல்லை, கூச்சம் மட்டும் இருக்கிறது. லைனிங் பிளவுஸ் ஒன்று 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனிங் துணி, நூல், கொக்கி 70, கரண்ட், ஊசி, மெஷின் தேய்மானம் 10. மீதி 220. அளவு எடுப்பது, வெட்டு, தையல், கையால் அடிக்கும் ஹெம்மிங், பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் பிரித்துப் போடுவது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். மணிக்கு 73 ரூபாய். மாதம் 12,000 வேண்டும், 25 நாள், தினம் 5 மணி நேரம் முடியும் என்றால் மணிக்கு 96 வர வேண்டும். மூன்று மணிக்கு 288, அதோடு செலவு 80, ஆக 368. போர்டில் 370 என்று எழுதலாம். தீபாவளி நெருக்கத்தில் ஏற்றினால் ஆத்திரப்படுவார்கள். பொங்கல் முடிந்து வேலை ஓய்ந்திருக்கும்போது, பழைய வாடிக்கையாளர்களிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு ஏற்றுங்கள். அண்ணி, நாத்தனார், எதிர்வீட்டு அக்கா வந்தால் சும்மா தைத்துக் கொடுக்க வேண்டாம். சீட்டில் 370 எழுதி, கீழே தள்ளுபடி 70 என்று எழுதி 300 வாங்குங்கள். செய்த உதவியும் தெரியும், வேலையின் விலையும் தெரியும்.

மத உறுத்தலைப் பற்றிச் சுருக்கமாக. மேல்விஷாரம், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளில் ஜகாத் கடமை. ஒரு சந்திர ஆண்டு முழுக்க நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு) அளவுக்கு மேல் கையில் நின்ற செல்வத்தில் இரண்டரை சதவீதம். திருச்சபைக் குடும்பங்களில் தசமபாகம். இரண்டுமே கொடுப்பதற்கு ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. வட்டி வேண்டாம் என்பவர்கள் தங்கள் ஜமாஅத்தில் பைத்துல்மால் (பொது நிதி) வட்டியில்லாக் கடன் இருக்கிறதா என்று தண்டலுக்குப் போகும் முன் விசாரிக்கலாம்.

சேரும் பணத்தை எங்கே வைப்பது என்பதில் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. அவசரப் பணம் வங்கியில். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குத் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்பு. 2024 ஜனவரி முதல் வட்டி 8.2 சதவீதம், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அதை மறுபரிசீலனை செய்யும். ஆண்டுக்கு 250 ரூபாயாவது கட்டாவிட்டால் கணக்கு முடங்கும். முதுமைக்குப் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), 15 ஆண்டு, ஆண்டுக்குக் குறைந்தது 500. வங்கிக் கணக்கிலேயே ஆண்டுக்கு 436-க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு (18 முதல் 50 வயதுக்குள் சேரலாம்), 20-க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் 456 ரூபாய் இல்லாததால் பாலிசி நின்றுபோனது வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் பல குடும்பங்களுக்குத் தெரிகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுங்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றுக்கு ஆள் அனுப்பும் நிலைமை வேண்டாம்.

மாத வட்டிக்காரர் மறுபடி வருவார், பெயர் மட்டும் வேறாக இருக்கும். மாதம் 8 சதவீதம் என்றால், வட்டியைத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால் ஒரு லட்சம் ஒரே வருஷத்தில் இரண்டரை லட்சம். அப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவர் வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கிக்கொள்வார், உங்கள் நகை அவருக்கு எதற்கு? டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கிறதா என்பதை அதன் சசேத் இணையதளத்தில் பார்க்கலாம். "ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கு, கம்பெனி ரிஜிஸ்டர் ஆகியிருக்கு" என்பதெல்லாம் டெபாசிட் அனுமதி ஆகாது. சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும், சீட்டு நடத்துபவர் எடுக்கும் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அசல் ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரத்தோடு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சொத்தை முடக்கிப் பங்கிட வழி இருக்கிறது. மெதுவான வழிதான். ஆனால் புகார் கொடுக்காதவர் பெயர் பட்டியலிலேயே இருக்காது.

நாலு காசு சேர்ந்தது தெரிந்ததும் சொந்தம் வரும். பெரிய உறுத்தல் அப்போதுதான் ஆரம்பிக்கும், "நமக்கு இருக்கு, அவங்களுக்கு இல்ல" என்று. இதற்கும் தாளில் ஒரு வரி வையுங்கள். கைமாற்றுக்கு வருஷம் 6,000 என்றால் அதற்குள் கேட்டால் கொடுங்கள், திரும்பி வராவிட்டாலும் சண்டை வேண்டாம். அதற்கு மேல் என்றால் புரோநோட்டு. 20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது, வங்கி வழியாகவே அனுப்புங்கள். புரோநோட்டில் தொகை எண்ணிலும் எழுத்திலும், தேதி, வட்டி, ரெவின்யூ ஸ்டாம்ப்பின் மேல் கையெழுத்து இருக்க வேண்டும். வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலம். இடையில் ஆயிரம் ரூபாய் திருப்பிக் கொடுத்தாலும் பின்பக்கத்தில் தேதியோடு வரவு எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். காலக்கெடு முடியும் முன் எழுதிய வரவானால் மூன்று ஆண்டு அந்த நாளிலிருந்து புதிதாக ஓடும்.

பணம் கொடுப்பதைவிட ஆபத்து ஜாமீன் கையெழுத்து. "சும்மா ஒரு கையெழுத்துதான் மாப்ள" என்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு. வங்கி முதலில் அவரை விரட்டிவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்) கெடலாம், பிறகு உங்கள் பிள்ளையின் கல்விக்கடன் இழுபறியாகும். மறுக்கும்போது பொய்க்காரணம் தேட வேண்டாம். "ஜாமீன் போடறதில்லன்னு முடிவு பண்ணியிருக்கேன் மாமா, கையில ஆறாயிரம் தரேன், எடுத்துக்குங்க" என்று சொல்லலாம். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் கிளைக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலுவை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு தவணை தவறியதுமே தெரிந்துவிட்டால் மாமாவோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க முடியும். வக்கீல் நோட்டீஸ் வந்தபின் தெரிந்தால் வட்டி, அபராதம், வழக்குச் செலவு எல்லாம் தலைமேல் ஏறியிருக்கும்.